பழைய வேகன்ஆரில் மைலேஜ் 14இல் இருந்து 18க்கு ஏறியது எப்படி

மைலேஜ் வரவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எப்படி அளந்தீர்கள் என்பதைத்தான். 'போன வாரம் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், அதுக்குள்ள முள் கீழ வந்துடுச்சு' என்பார்கள், இல்லையென்றால் 'டிஸ்ப்ளேயில 19 காட்டுதே' என்பார்கள். முள்ளை நம்பிக் கணக்குப் போட முடியாது, நிறையக் கார்களில் அது பாதி வரைக்கும் மெதுவாகவும் அதற்குக் கீழே சரசரவென்றும் இறங்கும். டிஸ்ப்ளே எண்ணும் பெரும்பாலும் உள்ளதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், கன் தானாக 'டக்'கென்று நிற்கும் வரை ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்துவிட்டு, குறைந்தது 300 கி.மீ.யாவது ஓட்டி, மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். பங்க் பையன் 'ரவுண்டா போட்டுறட்டுங்களா' என்று கேட்டு மேலே மேலே அழுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே போய் அதுவும் கெடும்.

நான் ஓட்டுவது 2015 மாடல் வேகன்ஆர், 1 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊர் கோவை. வீடு நீலாம்பூர் பக்கம், வேலை ரேஸ்கோர்ஸ் பக்கம், அதனால் தினமும் அவிநாசி ரோடுதான். மாதத்தில் ஓரிரு தடவை சேலம், எப்போதாவது ஊட்டி. வாங்கிய புதிதில் மேலே சொன்ன மாதிரி அளந்தபோது 412 கி.மீ.க்கு 29.4 லிட்டர் பிடித்தது, அதாவது லிட்டருக்கு 14. இப்போது சாதாரணமாக 18 வருகிறது, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 21 வரைக்கும் கூடப் போகும்.

கம்பெனி சொன்ன 20.5 ஏன் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண் ரோட்டில் ஓட்டி எடுத்தது கிடையாது. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, ஏசியை அணைத்து வைத்து, இத்தனை நொடிக்கு இந்த வேகம் என்று எழுதி வைத்த கணக்குப்படி ஓட்டி எடுப்பது. அதில் தொடுகிற அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். இரண்டு கார்களை ஒப்பிட்டு வாங்க அந்த எண் உதவும். நம் கார் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நம் கார் போன மாதம் என்ன கொடுத்தது என்கிற கணக்குதான் உதவும்.

14க்கும் 18க்கும் பணத்தில் என்ன வித்தியாசம் என்றால், மாதம் 1,200 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 14இல் 86 லிட்டர் வேண்டும், 18இல் 67 லிட்டர் போதும். 19 லிட்டர் மிச்சம். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,900 ரூபாய்க்கு மேல், வருஷத்துக்கு 23,000 ரூபாய். எங்கள் வீட்டில் அது காரின் இன்சூரன்சுக்கும் சர்வீசுக்கும் போதுமான பணம். இதில் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. 10 கொடுக்கிற வண்டி 12க்கு ஏறினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 16 லிட்டருக்கு மேல் மிச்சமாகும், 18 கொடுக்கிற வண்டி 20க்கு ஏறினால் ஐந்தரை லிட்டர்தான் மிச்சம். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் எது ரொம்ப மோசமோ அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஓட்டும் விதத்தை மாற்றுவதற்கு முன்னால் காருக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நோயுள்ள காரை எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

டயர் காற்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் சரியாகச் செய்பவர்கள் குறைவு. டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று தெளிவாகப் போட்டிருக்கும். காற்றுப் பிடிக்கிறவர் எல்லாக் காருக்கும் ஒரே அளவு வைப்பார், நாம்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதுதான் சரியான அளவு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய் அளந்தால் சூட்டில் மூன்று நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடவே காட்டும், அதைப் பார்த்து அவர் காற்றை இறக்கிவிடுவார், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும். சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கவனிக்காமல் விட்ட காரில் எட்டு பத்து பிஎஸ்ஐ குறைந்து கிடப்பது சாதாரணம், டயர் ஓரம் தேய்ந்து போவது தனி நஷ்டம். மைலேஜுக்காக ஸ்டிக்கரில் உள்ளதைவிட ரொம்பக் கூட்டி வைப்பவர்களும் உண்டு, மழைக்காலத்தில் பிரேக் பிடிக்கும்போது அது கைவிட்டுவிடும், வேண்டாம்.

அடுத்தது பிரேக். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அது லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் காரை இழுத்துக்கொண்டே ஓட்டுகிறோம் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. பைபாஸில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் பிரச்சினை. என் காரில் முன்னால் இடதுபக்கம் அடித்தது. கழற்றிப் பார்த்தபோது பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் நகரும் கம்பியில் (பின்) இருந்த ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் காய்ந்து கருத்துக் கெட்டியாகிக் கிடந்தது. கையால் இழுத்தால் அந்தக் கம்பி வரவே இல்லை, சுத்தியால் தட்டித்தான் எடுத்தார்கள். கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கிற கிரீஸைப் போட்டு, புது ரப்பர் மாட்டியதும் சரியாகிவிட்டது. பின்னால் டிரம் பிரேக் உள்ள கார்களில் ஹேண்ட் பிரேக் கேபிளை ரொம்ப இறுக்கி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது சமாச்சாரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கு அதிகம் மைலேஜ் கொடுத்ததும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் வால்வு என்று சின்னதாக ஒன்று உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டர் பக்கம் போகாமல் தடுக்கும், அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். போதுமான சூடு வந்ததும் திறந்துவிடும். நம் பக்கத்தில் பழைய கார்களில் இந்த வால்வு பழுதானால் புதிது போடாமல், அப்படியே உருவி எறிந்துவிட்டு மூடிவிடுகிற வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. 'நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க சார், எடுத்து விட்டா இன்ஜின் எப்பவும் கூலா இருக்கும்ங்க' என்று நானே காதால் கேட்டிருக்கிறேன். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, இன்ஜின் சூடேறி அதன் மேல்பாகமான ஹெட் போய்விடக் கூடாதே என்கிற பயம்தான்.

ஆனால் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற முறை வந்த பிறகு, நிலைமை வேறு. இன்ஜின் போதுமான அளவு சூடாகவில்லை என்று சென்சார் சொன்னால், கம்ப்யூட்டர் இன்னும் காலை நேர ஸ்டார்ட்டிங்கில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். எண்ணெயும் முழுச் சூடு வராமல் கெட்டியாகவே சுற்றும். நமக்கு வெளியே எதுவுமே தெரியாது, கார் நன்றாகத்தான் ஓடும், லைட் எதுவும் எரியாமலும் போகலாம், பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது ஓபிடி அடாப்டர் வாங்கியபோது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் புளூடூத் வழியாக போனில் இன்ஜினின் கணக்கெல்லாம் காட்டும். ஊருக்குள் நெரிசலில் கூலன்ட் 80 டிகிரியைத் தொட்டது. நீலாம்பூர் தாண்டி சேலம் ரோட்டில் ஏறி 80 கி.மீ. வேகத்தில் போக ஆரம்பித்ததும் அது 75, 70, 65 என்று இறங்கிக்கொண்டே வந்தது. எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்க அடிக்க, தடுப்பதற்கு வால்வு இல்லாததால் இன்ஜின் குளிர்ந்துகொண்டே போயிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் 85க்கும் 95க்கும் நடுவில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஊரானாலும் பைபாஸானாலும். வால்வு உட்காருகிற ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் ஓட்டை. புது வால்வு, கேஸ்கெட், கூலன்ட் எல்லாம் சேர்த்தே இரண்டாயிரத்துக்குள் முடிந்தது, அடுத்த ஃபுல் டேங்க் கணக்கிலேயே ஒன்றரை கிலோமீட்டர் ஏறி நின்றது. உங்கள் காரில் டெம்பரேச்சர் முள் இருந்தால் அடாப்டர் கூட வேண்டாம், பைபாஸில் போகும்போது முள் நடுவிலிருந்து கீழே இறங்குகிறதா என்று பார்த்தாலே போதும். புது வால்வு போடச் சொன்னால் மெக்கானிக் தயங்குவார், நின்று போட வையுங்கள்.

இன்ஜின் ஆயில் கிரேடும் அப்படித்தான். புதிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்தான் மேனுவலில் போட்டிருக்கும். கடையில் 20டபிள்யூ-40 கேனைத் திறந்து ஊற்றிவிட்டால் ஒன்றிரண்டு சதவீதம் அங்கேயே போய்விடும். மேனுவலைக் கையோடு கொண்டு போவது நல்லது. ஏர் ஃபில்டரைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பயங்கரமாக விழும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்‌ஷன் காரில் உள்ளே வருகிற காற்றைப் பொறுத்துத்தான் பெட்ரோல் போகும், அதனால் அடைத்தால் இழுவைதான் குறையும். 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்ததிலும் அதுதான் தெரிந்தது. இழுவைக்காகவும் இன்ஜின் ஆயுளுக்காகவும் மாற்றுங்கள், மைலேஜுக்காக என்று யாராவது விலை உயர்ந்த ஃபில்டரை விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

சரி, கார் சரியாகிவிட்டது, இனி ஓட்டுவதற்கு வருவோம். ஊருக்குள் பணம் போகிற வழி பிரேக் பெடல்தான். இன்ஜின் பெட்ரோலை எரித்து வண்டிக்கு வேகம் ஏற்றுகிறது, நாம் பிரேக் மிதித்து அந்த வேகத்தை வெறும் சூடாக்கி வெளியே விடுகிறோம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் இருந்து முழுசாக நின்று, மறுபடி அதே 60ஐப் பிடிக்க 15 முதல் 20 மில்லி பெட்ரோல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை இரண்டு ரூபாய். 30இல் இருந்து என்றால் அதில் கால் பங்குதான், ஏனென்றால் வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி ஆகிவிடும். அதனால் அவிநாசி ரோட்டு ஹோப்ஸ் நிறுத்தத்தில் ஏறின வேகத்தில் 60ஐப் பிடித்து, அடுத்த நெரிசலில் நறுக்கென்று பிரேக் அடிப்பவர், அதே தூரத்தை 40இல் சீராகப் போகிறவர் பக்கத்தில்தான் வந்து நிற்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்வார்கள், ஒருவர் மட்டும் கூடுதலாகச் செலவு செய்திருப்பார்.

இதற்கு நான் செய்வது, முன்னால் போகிற காரைப் பார்க்காமல் அதற்கு முன்னால் போகிற மூன்றாவது நாலாவது வண்டியைப் பார்ப்பது. டவுன் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கப் போகிறதா, தூரத்தில் சிவப்பு பிரேக் லைட்டுகள் வரிசையாக எரிகின்றனவா என்று தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவேன், கியரிலேயே விட்டுவிடுவேன். கியரில் இருக்கும்போது காலை முழுசாக எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்ற வைக்கும். இன்ஜின் சும்மா ஓடுகிற ஐடில் வேகத்துக்குக் கிட்டே இறங்கும்போதுதான் மறுபடி பெட்ரோல் வரும். அதே நேரத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்ஜின் தானாக ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது கார்புரேட்டர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சொல்லிக்கொடுத்தது, இன்னும் போகவில்லை.

இடைவெளி விட்டால் நடுவில் பைக் புகும், ஆட்டோ புகும், அது உண்மைதான். புகட்டும். ஒரு கார் உள்ளே வந்தால் நமக்குப் போவது ஆறு மீட்டர் இடம். பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு வழி விட்டுவிட்டால் அதோடு முடிந்தது. கியரைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், 2,000 அல்லது 2,500 ஆர்பிஎம்முக்குள் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) அடுத்த கியருக்குப் போய்விடலாம், 50ஐத் தாண்டினால் ஐந்தாவதிலேயே சமாளிக்கும். உதறினாலோ இன்ஜின் முக்கினாலோ ஒரு கியர் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். ரொம்ப நேரம் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்வது சிக்கனம் என்று நினைப்பது சரியில்லை, சுருக்காகக் கியர் ஏற்றி வேகத்தைப் பிடித்துவிட்டு அதில் சீராகப் போவதுதான் மேல்.

2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டின் மேலே உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்ததும் இந்தப் பிரேக் கணக்கு கண்கூடாகத் தெரிந்தது. 10.1 கி.மீ. தூரம், நடுவில் சிக்னல் கிடையாது. மேலே போகிற நாட்களில் அதே காரில் அதே ஆள் ஓட்டி மைலேஜ் நன்றாகவே ஏறுகிறது. உங்கள் ஊரில் மேம்பாலம் இல்லாவிட்டாலும், ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் நிற்காமல் போகிற பாதை ஒன்று இருந்தால் ஒரு டேங்க் அதில் ஓட்டி அளந்து பாருங்கள். மேப் காட்டுகிற குறைந்த தூரம் எப்போதும் குறைந்த செலவு ஆகாது.

நெடுஞ்சாலைக் கணக்கு வேறு, அங்கே எதிரி காற்று. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 80இல் இருக்கிற தடை 100இல் 56 சதவீதம் கூடிவிடும், வேகன்ஆர் மாதிரி உயரமான, பெட்டி வடிவக் காருக்கு இது இன்னும் உறைக்கும். சேலத்துக்கு 100க்கு மேலே அடித்துக்கொண்டு போனால் என் கார் 17 தருகிறது, 80, 85இல் போனால் 21 தருகிறது. நேரத்தில் என்ன இழப்பு என்றால், 160 கி.மீ. தூரத்துக்கு 100க்கும் 85க்கும் வித்தியாசம் 17 நிமிடம். அதுவும் டீ குடிக்க நிற்காமல், சுங்கச்சாவடியில் வரிசை இல்லாமல், முழுத் தூரமும் 100இலேயே போக முடிந்தால்தான். 'ஏனுங்க, லாரிக்காரங்கூட நம்மளத் தாண்டிப் போறானுங்க' என்று வீட்டில் சொல்லத்தான் செய்தார்கள். ஒரு தடவை போகும்போது வேகமாகவும் வரும்போது நிதானமாகவும் ஓட்டி, பில்லை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. இடது ஓரமாக, சீராக, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொன்றும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் சுற்றுவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அந்த மாதங்களில் பாலக்காடு பக்கம் 80இல் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் காருக்கு அது 110இல் போகிற மாதிரி, தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போது 70க்கு இறக்கிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. மைலேஜ் அளப்பதாக இருந்தால் போக வர இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும், ஒரு வழியை மட்டும் பார்த்துவிட்டு கார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கூரையில் கேரியர் இருந்தால் டூர் முடிந்ததும் கழற்றி வையுங்கள், காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடிக்கும். டிக்கியில் வைத்து மறந்த சாமான்களை இறக்குவதும் நல்லதுதான், ஆனால் 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்பதுதான் கணக்கு. பாதி டேங்க் மட்டும் போட்டால் எடை குறையும் என்பவர்களுக்கு, 35 லிட்டர் டேங்கில் பாதி என்பது 13 கிலோ, அதில் தெரிகிற மாதிரி எதுவும் மிஞ்சாது.

மலைப்பாதையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும், வால்பாறையில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆழியாறுக்கு இறங்கும்போதும், நியூட்ரலில் போட்டோ, இன்னும் மோசமாக இன்ஜினையே அணைத்துவிட்டோ வருகிறவர்கள் இருக்கிறார்கள், பெட்ரோல் மிச்சம் என்று. இன்ஜின் அணைந்தால், லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்யூம் (இன்ஜினின் உறிஞ்சு விசை) கிடைக்காது, இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். நியூட்ரலில் வந்தால் மொத்த எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும், அது சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாவது கியரில், காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்கும், மேலே சொன்ன மாதிரி இன்ஜெக்டரும் பெட்ரோல் விடாது. பாதுகாப்பான வழியே சிக்கனமான வழியாகவும் இருக்கும்போது உயிரைப் பணயம் வைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஏசி 1 லிட்டர் இன்ஜினுக்குப் பாரம்தான், அதற்காக ஏப்ரல் வெயிலில் வெந்துகொண்டு போகச் சொல்ல மாட்டேன். நிழலில் நிறுத்துவது, ஏறியதும் நாலு கதவுக் கண்ணாடியையும் இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஏசியைப் போடுவது, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போடுவது, இவ்வளவும் போதும். ஊருக்குள் சாயங்காலம் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். 80இல் போகும்போது கண்ணாடியைத் திறந்து வைப்பதைவிட ஏசியே பரவாயில்லை. நிறுத்தி வைத்து ஏசி ஓடவிட்டால் சின்னக் கார் கூட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் என்று டைமர் காட்டினால் அணைத்துவிடுவேன், ரயில்வே கேட்டில் கேட்கவே வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சூடேற்றுவதும் தேவையில்லை, கிளம்பி முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் சரி. குளிர்ந்த இன்ஜின்தான் அதிகம் குடிக்கும் என்பதால் பால் வாங்க, மாவு வாங்க, மருந்து வாங்க என்று தனித்தனியாகக் காரை எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான மைலேஜ். ஒரே சுற்றில் முடியுங்கள், இல்லையென்றால் நடந்தோ பைக்கிலோ போய் வாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முன்னைவிடக் கொஞ்சம் குறைகிறதே என்பவர்களுக்கு, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதம் கலந்ததில் இருந்து 20க்குப் போகும்போது ஆற்றல் மூன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும், கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழு சதவீதம் வரை. 18 கொடுத்த கார் 17.4க்கு வந்தால் அதைத் தேடி மெக்கானிக்கிடம் போக வேண்டாம், 15க்கு வந்தால் போக வேண்டும். என் மாதிரி 2023க்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்களைச் சர்வீசில் ஒரு பார்வை பார்க்கச் சொல்வது நல்லது, வெடிப்போ கசிவோ இருந்தால் மைலேஜைவிட ஆபத்து பெரிது. ஆக்டேன் கூடிய பிரீமியம் பெட்ரோல், உங்கள் கார் மேனுவல் கேட்டால் ஒழிய வேண்டாம், கூடுதல் விலைக்கு ஈடாக மைலேஜ் ஏறுவதில்லை.

பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம், டேங்கில் ஊற்றுகிற சின்னப் பாட்டில், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற டப்பா எதையும் வாங்காதீர்கள். 1996இல் மூலிகை பெட்ரோல் என்று ஊரே நம்பிய காலத்தை நம் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள், அந்த ஆசை இன்னும் வேறு வேறு டப்பாக்களில் விற்பனையாகிறது. அந்தக் காசில் ஒரு டயர் கேஜும் ஓபிடி அடாப்டரும் வாங்கலாம்.

பங்க்கைப் பற்றிக் கடைசியாக. 500க்குப் பதிலாக 510க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது, விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் வரும் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு பெரிதாக மாறாது. அளவில் சந்தேகம் வந்தால் காரை விட்டு இறங்கி, 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை போட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்கிற வாடிக்கையாளருக்குக் காட்டவும் வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். நான் ஒரு பங்க்கில் இப்படிக் கேட்டபோது பின்னால் நின்ற இரண்டு பைக்காரர்களும் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள், அளவு சரியாகவே இருந்தது, இன்றைக்கும் அங்கேதான் போடுகிறேன்.